தொட்டால் புதியது

அக்காவின் கட்டிலை ஒட்டிய சுவரில் இருந்த சாக்கெட்டிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. சட்டப்படி அது குற்றமற்ற சாக்கெட்.

வீடு கட்டிய காலத்தில் பொருத்தியது. பழுப்பு நிறம், இரண்டே துளை. இப்போதைய சட்டம் மூன்று துளை கேட்கிறது. மூன்றாவது துளை எர்த்துக்கு. மின்சாரம் வழிதவறி மெஷினின் உடம்பில் ஏறிவிட்டால், தொட்ட ஆளின் வழியாகப் போகாமல், தனக்கென்று போட்ட கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக. நல்ல சட்டம்தான். அதை எழுதியவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் அதைக் காப்பாற்ற வந்தவர்கள் மேல்.

நான் அடுத்த வீட்டுக்காரன். எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நிற்பவை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மெயின் பெட்டி. நடுவீட்டில் அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். தம்பி கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எங்கள் எல்லோருக்கும் கண்ணாடிக்காரர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பார். ஊரில் பாதிப்பேருக்கு எழுத்து தெளிவாகத் தெரிவது அவரால்தான். ஆனால் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

அக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஒரு பெட்டியின் இந்த முனையில் பேசினால் அந்த முனையில் தூங்குகிறவன் எழுந்து டிக்கெட்டைத் தேடுவானாம். இப்போது நுரையீரல் சுருங்கிவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்கு அனுப்பும் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கிறது. அதன் பிளக்குக்கு மூன்று பின், இரண்டு துளையில் நுழைக்க நடுவில் ஓர் அடாப்டர். அவள் மூச்சைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறாள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு சொல், தாராளமாக இருந்தால் மூன்று.

கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அதன் மீட்டர் முள் சிவப்புக்குப் போவதற்குள் மெஷினுக்கு உயிர் வர வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் வண்டிகள் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

நாற்றம் வந்த அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார் கண்ணாடிக்காரர். அறைக்குள் நுழைந்ததும் எலக்ட்ரீஷியன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். அப்படியே குனிந்து சாக்கெட்டைப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

“உள்ள வயர் லூஸ் ஆயிருக்கு. சூடாகிச் சூடாகி பிளாஸ்டிக் வேகுது. எப்ப வேணாலும் பிடிக்கும்.”

“அப்ப மாத்திடுங்க.”

“தொட மாட்டேன் சார்.”

“ஏங்க?”

“தொடாத வரைக்கும் இது பழசு. பழசுக்குப் பழைய சட்டம், குத்தமில்ல. நான் ஒரு ஸ்க்ரூவத் திருப்பினா அந்த நிமிஷமே இது புது வேலை. புது வேலைக்குப் புதுச் சட்டம், எர்த் கம்பி வேணும். இந்தச் சுவத்துக்குள்ள எர்த் கம்பியே கிடையாது. அப்புறம் வீடு முழுக்கப் புது வயர் இழுத்துக் குடுக்கறது தொட்டவன் பொறுப்பு. இல்லன்னா லைசென்ஸ் போயிடும். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு தொழில்தான் சார்.”

கண்ணாடிக்காரரின் கை தன்னையறியாமல் சட்டைப்பை ஸ்க்ரூடிரைவருக்குப் போனது. “நானே மூணு துளை சாக்கெட் வாங்கி மாட்டிட்டா?”

“மாட்டலாம். ஆனா மூணாவது துளை பொய் சொல்லும். எர்த் இருக்குன்னு மெஷின் நம்பும். ஒருநாள் மெஷின் உடம்புல கரண்ட் ஏறும். அக்கா தெரியாம அதுமேல கைய வெச்சாங்கன்னா…” அவர் அக்காவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“முடிங்க,” என்றாள் அக்கா.

“வேண்டாங்கம்மா.” கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். “ஒரு வழி இருக்கு சார். கரண்ட் கசிஞ்சா தானா அணைஞ்சிடற சாக்கெட் ஒண்ணு வருது. எர்த் இல்லாத பழைய வீட்டுக்கு அதப் போடலாம்னு சட்டத்துலயே இருக்கு. மேல ‘இதில் எர்த் இல்லை’ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டணும். ஆபீஸ் ஸ்டிக்கரா இருக்கணும், அவ்வளவுதான். வாங்கிட்டு வாங்க, ஒரு டீ ஆறுறதுக்குள்ள மாட்டிடறேன். அதுவரைக்கும் அடுக்களை பாயிண்ட்லேருந்து நீட்டு வயர் இழுத்துக்குங்க. அது கொஞ்சம் தேவல.”

கூடத்துச் சாக்கெட்டை அவர் பேச்சிலேயே சேர்க்கவில்லை. அதில் பிளக்கைச் சொருகினால் தலையைத் தொங்கப் போட்டுக் கீழே விழுந்துவிடும்.

மின்பொருத்து ஒழுங்கு அலுவலகம் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். கண்ணாடிக்காரரைத் தனியாக விட்டால் அவரையும் மடித்து ஒரு கோப்பில் வைத்துவிடுவார்கள் என்று பயந்து நானும் கூடப் போனேன். எங்கள் வீடுகளை விடப் பழைய கட்டடம் அது. சுவர்களில் இரண்டு துளைச் சாக்கெட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் குறுக்காக ஒரு சிவப்பு நாடா. மேலே மின்விசிறிகள் அசையாமல் தொங்கின. கீழே ஊழியர்கள் விதிப்புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அது கனமான புத்தகம், காற்று நன்றாகவே வந்தது.

நுழைகூடத்தில், வரவேற்பு மேசைக்கு எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே வெள்ளைவெளேரென்று இரட்டை சாக்கெட், ஒவ்வொன்றிலும் மூன்று துளை. பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. மேலே ‘முன்மாதிரி’ என்று எழுதியிருந்தது. கண்ணாடிக்காரர் கோயில் வாசலில் நிற்பதுபோல் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

“பாருங்க, நல்லா பாருங்க,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பழைய வீடுகள் பிரிவு அதிகாரி. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். “எல்லா விதியும் இதுக்குள்ள இருக்கு. கசிஞ்சா அணையும், பொறி பறந்தா அணையும், குழந்தை குச்சிய விட்டா திறக்காது. முற்றத்துல குழி தோண்டித் தனி எர்த். கரண்ட் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கு. வெச்ச நாள்லேருந்து ஒரு புகார் கிடையாது.”

“இதுல என்ன சார் சொருகுவீங்க?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“சொருகறதா? இது முன்மாதிரி சார்.”

அவருடைய அறையில் உட்கார வைத்தார். கண்ணாடிக்காரர் விஷயத்தைச் சொல்லி ஸ்டிக்கர் கேட்டார். அதிகாரி ரொம்ப அனுதாபத்துடன் கேட்டுக்கொண்டார். அனுதாபத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

“ஸ்டிக்கர் தர்றதுக்குத்தானே நாங்க இருக்கோம். சாக்கெட் மாட்டியாச்சா?”

“இன்னும் இல்ல சார்.”

“மாட்டாத சாக்கெட்டுக்கு எப்படி சார் ஸ்டிக்கர் தர்றது? இல்லாததுக்குச் சான்று குடுத்த மாதிரி ஆயிடுமே.”

“அப்ப மாட்டிட்டு வர்றோம்.”

“ஸ்டிக்கர் இல்லாம மாட்டினா விதிமீறல். மீறின வீட்டுக்கு ஸ்டிக்கர் கிடையாது.”

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். புரியாதபோதெல்லாம் அப்படித்தான் செய்வார். “இதுவரைக்கும் யாருக்காவது இந்த ஸ்டிக்கர் குடுத்திருக்கீங்களா சார்?”

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

“சொல்றேன், கேட்டுக்குங்க. பழைய வீடுகள்ல மாத்தின சாக்கெட்டால ஒரு விபத்துகூட எங்க எல்லையில நடந்ததில்ல. வேற எந்த அலுவலகமாவது இப்படி மார்தட்ட முடியுமா? எப்படிச் சாதிச்சோம்? ஒரு சாக்கெட்டையும் மாத்த விட்டதில்ல.”

“மாத்தாத சாக்கெட்டால நடந்த விபத்து?”

“அது எங்ககிட்ட வராது. தீப்பிடிச்சதுக்கு அப்புறம் அது பழைய வீடு இல்லையே, காலி மனை. காலி மனைக்கு மாடியில தனிப் பிரிவு. ரொம்ப நல்ல மனுஷங்க.”

எனக்கு ஒரு வசவு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். “எங்க அக்காவுக்கு மூச்சு சார்,” என்றார் அதிகாரியிடம். 

“புரியுது. நாங்களும் மனுஷங்கதான். அதுக்குத்தான் அவசர மாற்றம்னு ஒரு விதி இருக்கு. சாக்கெட் செயலிழந்துடுச்சுன்னு ஆய்வாளர் நேர்ல பாத்துட்டா ஸ்டிக்கர முன்கூட்டியே குடுத்துடலாம். அனுப்பி வைக்கிறேன்.”

ஆய்வாளர் மறுநாள் கருவிப்பெட்டியோடு வந்தார். இளம் வயது, மரியாதையான பிள்ளை. சாக்கெட்டுக்கு ஒரு முழம் தள்ளி மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“நாத்தம்… வருதா?” என்று கேட்டாள் அக்கா.

“எனக்கு வருது மேடம். ஆனா மூக்குக்குக் கருவின்னு அங்கீகாரம் இல்ல.”

“சூடு?”

“தொட்டா புது வேலையாயிடும். தொடாமச் சூடு பாக்கற கருவி இருக்கு, அளவு சரிபாக்க அனுப்பியிருக்காங்க. இன்னும் திரும்பி வரல.” சாக்கெட்டைச் சுற்றிச் சுவரில் படர்ந்திருந்த கருப்பை அவர் கவலையோடு பார்த்தார். “கறை இருக்கு. ஆனா கறை அழகு சம்பந்தப்பட்ட விஷயம்.”

பிறகு அவர் கண்ணில் நீட்டு வயர் பட்டது. அடுக்களையிலிருந்து கூடம் வழியாக அறைக்குள் வந்து மெஷினில் முடிந்தது அது. முதல்முறையாக அந்த இளைஞரின் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அவருக்குத் தெரிந்த தப்பு ஒன்று கிடைத்துவிட்டது.

“நிலைப்படியத் தாண்டின வயர் நிரந்தர வயரிங் சார். அதோட அடுக்களை பாயிண்ட் சமையலுக்கு. அதுல மருத்துவ மெஷின் ஓட்டினா பயன்பாட்டு மாற்றம்.” வயரை வளையம் வளையமாக நேர்த்தியாகச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அடுக்களைச் சாக்கெட்டின் மேல் தாள் ஒட்டி முத்திரை போட்டார். “மெஷின இங்கயே, பழைய இடத்துலயே போட்டுக்குங்க. இதுல ஒரு குத்தமும் இல்ல.”

“அது எரியப் போகுது தம்பி,” என்றேன் நான்.

“எரியற வரைக்கும் அது வேலை செய்யுது சார். வேலை செய்யற சாக்கெட்ட செயலிழந்ததுன்னு நான் எழுத முடியாது.”

அக்கா கையை உயர்த்தினாள். நாங்கள் பேச்சை நிறுத்தினோம். அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்ளும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

“நானும்… விதி பாத்தவதான். ரயில்ல… சங்கிலி இருக்கும். ஆபத்துன்னா… இழுக்கலாம். உங்ககிட்ட… சங்கிலி எங்க?”

ஆய்வாளர் தலை குனிந்தார். “எங்க கண் முன்னால செயலிழக்கணும் மேடம். நாளைக்கு அதிகாரியக் கூட்டிக்கிட்டு வர்றேன். ரெண்டு பேரும் உக்காந்து பாக்கறோம்.”

என் வீட்டுக்கு மெஷினைத் தூக்கிப் போகலாமென்றால், அங்கிருந்த சாக்கெட்டுகள் இதைவிட மோசம். அன்று முழுக்கக் கண்ணாடிக்காரர் கடை திறக்கவில்லை. மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட விடுவார். பிளக்கின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். சூடு தாங்காமல் போனதும் அணைத்துவிட்டுச் சிலிண்டரைத் திறப்பார். சாக்கெட் ஆறியதும் மறுபடி மெஷின். அக்காவின் நகங்கள் நீலமாகின்றனவா என்று பார்க்கத் தன் கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து வைத்திருந்தார். சிலிண்டர் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மாற்று சிலிண்டர் கேட்டுப் போன் செய்தால், வண்டி பாலத்தில் நிற்கிறது என்றார்கள்.

மறுநாள் காலை அதிகாரியும் ஆய்வாளரும் வந்தார்கள். கண்ணாடிக்காரர் நாற்காலி போட்டார். இருவரும் சாக்கெட்டைப் பார்த்த வாக்கில், கச்சேரிக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்தார்கள். கட்டில் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

“மெஷினப் போடுங்க. சுமை இருக்கணும்,” என்றார் அதிகாரி.

மெஷின் உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார், மறு கை சிலிண்டரின் திருகில் இருந்தது. நான் வாசற்படியில் நின்றேன்.  அடுக்களையில் குழாய் சொட்டுவது கேட்டது.

“சன்னலச் சாத்துங்க. காத்து பட்டு சாக்கெட் ஆறிடும். வெளித்தலையீடு ஆயிடும்,” என்றார் அதிகாரி.

“இது ஆக்சிஜன் ஓடற ரூம் சார். ஒரு பொறி பட்டாலே…” என்றேன் நான்.

“ஆக்சிஜன் ஆஸ்பத்திரிப் பிரிவு சார். அதுல நாங்க கை வெக்க முடியாது.”

ஆய்வாளர் போய்ச் சன்னலைச் சாத்தினார். அறைக்குள் கருகல் கனமாக இறங்கியது. சுவரில் இருந்த கருப்பு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்தது. சாக்கெட்டுக்குள் ஏதோ பொரிவது போலச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு துளையிலிருந்து நூல்போல ஏதோ எழும்பியது.

“புகை,” என்றார் கண்ணாடிக்காரர்.

“புகையா ஆவியான்னு பாக்கணும்,” என்றார் அதிகாரி. “ஆவின்னா ஈரம். ஈரம் தண்ணீர்க் குழாய்ப் பிரிவு.”

கண்ணாடிக்காரர் எழுந்து பிளக்கை நோக்கிக் கையை நீட்டினார்.

“பிடுங்காதீங்க சார்.” அதிகாரி கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை. “சொருகறது பயன்பாடு. பயன்பாட்டுக்குத் தடை இல்ல. பிடுங்கறது குறுக்கீடு. குறுக்கிட்டவர்தான் முழுப் பொறுப்பு, வீடு முழுக்க வயர் இழுக்கணும். அதோட இவ்வளவு நேரம் பாத்தது செல்லாமப் போயிடும், மறுபடி முதல்லேருந்து உக்காரணும். பாவம், அக்காவால தாங்க முடியாது.”

கண்ணாடிக்காரரின் கை நடுவழியில் நின்றது. அவரைத் திட்டத் தோன்றியது எனக்கு. ஆனால் நானும் அங்கேயேதான் நின்றேன், நானும் போய்ப் பிடுங்கவில்லை. அந்த மனிதர் பேசும்போது அப்படித்தான், கை நின்றுவிடுகிறது.

பட்டென்று ஒரு சத்தம். சாக்கெட்டின் வாயிலிருந்து மஞ்சளாக ஒரு நாக்கு வந்து சுவரை நக்கியது. கண்ணாடிக்காரர் அக்காவை அப்படியே கட்டிலோடு சேர்த்து வாசல் பக்கம் இழுத்தார். நான் வெளியே ஓடி மெயின் சுவிட்சைக் கீழே தள்ளி அணைத்துவிட்டு வந்தேன். ஆய்வாளர், பாவம், தன் மேல்சட்டையைக் கழற்றி நெருப்பின் மேல் அடித்தார். அடித்துவிட்டு, தொட்டுவிட்டோமோ என்று பயந்துபோய் அதிகாரியைப் பார்த்தார்.

“துணிதான் பட்டுது, கை படல. பரவாயில்ல,” என்று அதிகாரி அவரைத் தேற்றினார். பிறகு எழுந்து வந்து கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாழ்த்துகள் சார். செயலிழந்துடுச்சு. இனி உங்களுக்கு ஸ்டிக்கர் கிடைக்கத் தடையே இல்ல.”

மெஷின் நின்றுபோயிருந்தது. அது நின்றபிறகுதான் அந்த வீடு எவ்வளவு அமைதியான வீடு என்று தெரிந்தது. கண்ணாடிக்காரர் சிலிண்டர் குழாயை அக்காவின் மூக்கில் மாட்டிக்கொண்டிருந்தார்.  “மெயினப் போடுங்க,” என்றார் என்னிடம். “கூடத்துப் பாயிண்ட்லயாவது பிளக்கக் கையால பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

“தீ கண்ட மெயின முத்திரை போட்டாகணும் சார்,” என்றார் அதிகாரி. “புது சாக்கெட் மாட்டிச் சரிபாத்த பிறகுதான் திறக்கலாம்.”

“சரிபாக்க கரண்ட் வேணாமா?” என்று கேட்டேன்.

“வேணும்தான்,” என்று அவர் ஒப்புக்கொண்டார். “அதக் கொஞ்சம் யோசிக்கணும்.”

ஆக, வரிசை முழுக்கக் கரண்ட் இல்லை. சிலிண்டர் முள் சிவப்பின் விளிம்பில் நின்றது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். பாலம் என்றார்கள். அக்காவின் உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுக்கு மூச்சு இல்லை.

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டபோது அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

“மெஷினத் தூக்கி உங்க கார்ல வைங்க,” என்றார் என்னிடம்.

அதிகாரியும் ஆய்வாளரும் மெயின் பெட்டிக்கு எந்த அளவு முத்திரை என்று பேசிக்கொண்டிருந்தபோது நாங்கள் கிளம்பிவிட்டோம். பின் சீட்டில் அக்கா தம்பியின் தோளில் சாய்ந்திருந்தாள். காரின் கண்ணாடியில் பார்த்தேன், தம்பியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவளுக்காக அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் போலிருந்தது. இரண்டு தெரு என்பது இவ்வளவு தூரம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அலுவலக நுழைகூடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் நேராகப் பெட்டியின் முன்னால் போய் நின்று, சட்டைப்பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றுவதுதான் அவர் தொழிலில் முக்கால்வாசி வேலை. கீலில் இருந்த திருகாணிகளை அவர் கழற்றியபோது ஒன்றுகூடக் கை தவறிக் கீழே விழவில்லை. கதவு அப்படியே கையோடு வந்தது. அதைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்தார்.

வரவேற்பு மேசைப் பெண் எழுந்து நின்றிருந்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அக்காவுக்குப் பின்னால் போட்டாள்.

பிளக் மூன்று துளைக்குள் முழுசாக, இறுக்கமாக இறங்கியது. மெஷின் ஒருமுறை கீச்சிட்டது, பிறகு உறுமியது. கண்ணாடிக்காரர் குழாயை மாற்றி மாட்டினார். முழங்காலிட்டு உட்கார்ந்து அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நகங்களில் மெல்ல ரத்தம் திரும்பியது. அப்போது அவர் அழுதார். பெரிய மனுஷன் பொது இடத்தில் அழுகிறாரே என்று யாருக்கும் தோன்றவில்லை. விசிறிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் விசிறுவதை நிறுத்தியிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரியும் ஆய்வாளரும் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்கள். அதிகாரி பெட்டியைப் பார்த்தார், சுவரில் சாய்ந்திருந்த கண்ணாடியைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“முன்மாதிரி,” என்றார். “முன்மாதிரியில போய்ச் சொருகிட்டீங்களே சார். பிடுங்குங்க அத.” கண்ணாடிக்காரர் அசையவில்லை. அதிகாரி ஆய்வாளரைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த இளைஞர் ஓரடி முன்னால் வந்தார்.

அக்கா தலை நிமிர்ந்தாள்.

“சொருகறது பயன்பாடு, பிடுங்கறது குறுக்கீடு, குறுக்கிட்டவர்தான் முழுப் பொறுப்புன்னு இன்னிக்குக் காலையில என் கட்டில் பக்கத்துல சம்மணம் போடாத குறையா உக்காந்துக்கிட்டு நீங்கதான் சொன்னீங்க, இது எங்க வீட்டவிடப் பழைய கட்டடம், அதனால இதப் பிடுங்கறவர் யாரா இருந்தாலும் இந்தக் கட்டடம் முழுக்கப் புது வயர் இழுத்துக் குடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணும், யாரு பிடுங்கறீங்கன்னு முன்னாடி வாங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

ஒரே மூச்சு. நுழைகூடத்தின் அந்த முனையில் நாற்காலியில் அசந்திருந்த காவலாளி எழுந்து சட்டைப்பையைத் தடவினான். கண்ணாடிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு அக்காவைப் பார்த்தார். இவ்வளவு நீளமான வாக்கியத்தை அவளிடமிருந்து கேட்டு அவருக்கு எத்தனையோ காலமாயிற்று.

ஆய்வாளர் அந்த ஓரடியைப் பின்னால் எடுத்து வைத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். அதிகாரியும் கோத்துக்கொண்டார்.

அப்புறம் அவர்கள் உள்ளே போய் விதிப்புத்தகங்களைப் புரட்டினார்கள். ஒரு பிளக்கைப் பிடுங்காமல், ஒரு பெண்மணியைத் தொடாமல், நுழைகூடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரே வழிதான் இருப்பதாகத் தெரிந்தது. அவள் தானாக எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு வீட்டில் கரண்ட் இருக்க வேண்டும். அதிகாரியின் மேசை இழுப்பறையிலிருந்து ஸ்டிக்கர் வந்தது. இதுவரை பிரிக்காத கட்டு, மேலே தூசி. எலக்ட்ரீஷியனுக்கு அவர்களே போன் செய்தார்கள். மெயினின் முத்திரையை உடைக்க ஆய்வாளரே ஓடினார். சரிபார்க்கக் கரண்ட் வேண்டுமே என்ற சிக்கல் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். அதை யோசித்துவிட்டோம் என்றார்கள்.

சாயங்காலமாகிவிட்டது. எலக்ட்ரீஷியனிடமிருந்து இன்னும் தகவல் வரவில்லை. கண்ணாடிக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே அக்காவின் முழங்காலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். மெஷின் சீராக உறுமிக்கொண்டிருந்தது.

அதிகாரி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்து பெட்டியருகே வந்தார். கையில் செல்போன், அதில் சுற்றிய சார்ஜர் வயர். முகத்தில் எப்போதுமிருந்த அந்த அனுதாபம்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. காலையிலேருந்து சார்ஜ் இல்ல. என் ரூம்ல இருக்கற பாயிண்ட் எல்லாம் தொடக் கூடாதது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பக்கத்துல ஒண்ணு காலியாத்தானே இருக்கு?”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து வலது கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, அவர் முன்னால் நீட்டினாள்.

“அனுமதி காட்டுங்க.”